மா ஓன் சீ வீட்டு வாசல் கயிறு

பர்மாவில், பெகு ஊரில், எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம் மா ஓன் சீயின் வீடு. இந்தப் பக்கம் என் தையல் மிஷின். நடுவே சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்று போய்வரும் அகலத்துக்கு மண்பாதை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தமிழச்சி நான். ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு தைத்தேன். வருகிறவர்களிடம் அளவு கேட்பதைத் தவிர வேறு பேச்சு எனக்கு வராது. ஆனால் கண் சும்மா இருக்காது.

மா ஓன் சீயைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது அவள் கன்னத்திலிருந்துதான். காலையில் தனக்கா மரக்கட்டையைச் சந்தனம் போல அரைத்து எல்லாப் பெண்களும் இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி பூசுவார்கள். அவளுக்குச் சில நாள் இடது கன்னத்தில் மட்டும் சுவருக்குச் சாந்து பூசியது போலத் தடிப்பாக இருக்கும். அன்றைக்குக் காலை பிக்குகள் வரிசையாகச் சோறு வாங்க வரும்போது தலையைக் குனிந்துகொண்டு கரண்டியை நீட்டுவாள். பிக்குகளும் குனிந்தபடிதான் போவார்கள். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். நான் ஜன்னலிலிருந்து இரண்டு பக்கத்தையும் பார்ப்பேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின மாதம் எல்லாரும் ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்து கையைக் குட்டையாக்கு என்பார்கள். அந்த வெயிலில் மா ஓன் சீ ஒருத்திதான் மணிக்கட்டு வரை கை வைக்கச் சொன்னாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்.

"பக்கத் தையலை ரெண்டு விரல் பிரிச்சு விடு, மா அஞ்சலா."

டேப்பை எடுத்தேன். டேப் தோளைத் தொட்டதும் அவள் உடம்பு ஒரு முறை சுருங்கி விரிந்தது.

"எத்தனை மாசம்?" என்று கேட்டேன். அளவு தவிர நானாக ஒன்று கேட்டது அதுதான் முதல் முறை.

"நாலு. யாருகிட்டயும் மூச்சு விடாத. போன தடவையும் நாலுலதான்..."

போன தடவை படியில் வழுக்கி விழுந்தாள் என்று சந்தெல்லாம் பேச்சு. தூண்மேல் நிற்கிற வீடு, ஏழு படி. அவள் வழுக்கவில்லை என்பதை நான் பார்த்திருந்தேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவள் புருஷன் கோ ஸான் வின், சைக்கா மிதிக்கிறவன். கல்யாணத்துக்கு முன் கோயில் திருவிழாக்களில் குத்துச்சண்டை போட்டவன். தொடை இரண்டிலும் மந்திரக் கட்டம் பச்சை குத்தியிருப்பான், கழுத்தில் தாயத்து. பகலில் நல்ல மனிதன். கிழவிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போவான், கைப்பிடித்து இறக்கி விடுவான். கள்ளுக்கடைக்குப் போய் வந்தால் வேறு ஆள். போகாத நாளும் சில சமயம் வேறு ஆளாக இருப்பான், அதனால் கள்ளை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை.

பத்து வீட்டுத் தலைவர் ஊ பா கெட் இரண்டு முறை சமாதானம் பேசினார். இரண்டு முறையும் காகிதத்தில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார். விகாரைத் தலைமைப் பிக்குவும் கூப்பிட்டுப் பேசினார். முன்பிறவியில் பட்ட கடன், பொறுமையால் தீரும் என்றார். மா ஓன் சீ மூன்று முறை தரையில் விழுந்து கும்பிட்டு வந்தாள்.

"புருசனை வீட்டு முன்னால நிக்கற காவல் தெய்வம்ங்கறாங்க," என்றாள் வெற்றிலைக் கடை டா சேன் மே. எங்கள் சந்தின் வாய் அவள்தான். "வீட்டுத் தூண்ல தேங்காய் கட்டிக் கும்பிடற தெய்வம் அந்த ஒரு தேங்காயோட சும்மா இருக்கு. உன் தெய்வத்துக்குக் கள்ளும் வேணும், கறியும் வேணும், அடிக்கறதுக்கு ஒரு முதுகும் வேணுமா? நீ கெளம்பி எங்கயாவது போயேன்டி!"

"வீடு எங்கம்மா கட்டினது அக்கா. நான் ஏன் போகணும்? இந்தப் புள்ள இந்த வீட்டுலதான் பொறக்கணும். உசுரோட பொறக்கணும். அவ்வளவுதான்."

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

திருவிழா முடிந்த வாரம், ஒரு மத்தியானம், நான் அதைப் பார்த்தேன்.

பெண்கள் இடுப்பில் கட்டுகிற தமெய்னைத் துவைத்தால் வீட்டுக்குப் பின்னால், தாழ்வான கயிற்றில்தான் காயப்போடுவார்கள். எந்த ஆணும் தெரியாமல்கூட அதற்குக் கீழே போய்விடக் கூடாது. போனால் அவனுடைய மகிமை போய்விடும்; தாயத்தும் பச்சைக் கட்டமும் வெறும் கோடாகிவிடும். ஆண்கள் துணியை அதோடு ஒரே வாளியில்கூட நனைக்கமாட்டோம். அன்று தெரு நாய்க்குட்டிகள் இழுக்கின்றன என்று மா ஓன் சீ கயிற்றைத் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டியிருந்தாள். ஒரே ஒரு பழைய தமெய்ன் அதில் தொங்குவது வீட்டுத் தூண்களுக்கு நடுவே என் ஜன்னலுக்குத் தெரிந்தது.

அவன் விறகுக் கட்டையோடு துரத்தி வந்தான். அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். கயிற்றுக்குக் கீழே ஓடி அந்தப் பக்கம் போய்விட்டாள். அவன் நின்றான்.

சும்மா நிற்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் குதிகால் மண்ணில் இழுபட, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றான். கட்டை ஓங்கியபடியே இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு முழம் தள்ளி நின்றாள். அவன் கயிற்றைச் சுற்றி அந்தப் பக்கம் போனான், அவள் கீழே நுழைந்து இந்தப் பக்கம் வந்தாள். மறுபடி அவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நாலு முறை. கடைசியில் கட்டையைத் தரையில் அடித்துவிட்டுச் சைக்காவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் அந்தப் பழைய துணியை ஏறெடுத்துப் பார்த்தாள். முதல் முறையாகப் பார்ப்பவள் போல நெடுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். மிஷின் பெடலில் என் கால் எப்போது நின்றதென்று தெரியவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை அடிக்கப் பயமில்லை. ஒரு முழத் துணிக்குப் பயம். அது எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மறுநாள் அவள் இரண்டு துணியோடு வந்தாள். அவள் அம்மா பெட்டியில் வைத்துவிட்டுப் போன துணிகள். ஒன்று சிவப்புப் பூ, ஒன்று பச்சைக் கொடி.

"தமெய்னாத் தச்சுக் குடு. மேல கறுப்புப் பட்டி வச்சு, நல்லா."

"விசேஷமா?"

"ஆமா," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு போல ஒன்று இருந்தது.

சனிக்கிழமை தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால், முன்படிக்குக் குறுக்கே தலைக்கு மேலே கயிறு கட்டி, அதில் சிவப்புப் பூ. பின்பக்கம் அடுப்படிப் படிக்குக் குறுக்கே பச்சைக் கொடி. வேறு வழியாக அந்த வீட்டுக்குள் ஏற முடியாது.

சந்து அன்றைக்குத் திணறிப்போனது. கோ ஸான் வின் வந்தான், கத்தினான், வேலியை உதைத்தான். அவள் மேலே பாய்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் போய்ச் சைக்காவிலேயே படுத்துக்கொண்டான். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும். டா சேன் மே வெற்றிலை மடிக்கும்போதே பாட்டுப் பாடினாள்.

நாலாம் நாள் காலை அவன் என் ஜன்னலுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் மரியாதையாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

"மா அஞ்சலா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சிவப்புப் பூப் போட்டது நீ தச்சதா?"

தலையை ஆட்டினேன்.

"எப்போ?"

"சனிக்கிழமை," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கட்டாத தமெய்ன் தமெய்னே இல்லை, கடைத் துணி. ஒரு பெண் உடம்பில் இருந்து இறங்கினால்தான் அதற்கு அந்தச் சக்தி. சந்தில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. மா ஓன் சீக்கும் தெரியும். ஆனால் ஒட்டுப் போட்ட பழசைத் தெருவைப் பார்க்க, வாசலில், பிக்குகள் வருகிற வழியில் தொங்கவிட அவளுக்குக் கூச்சம். புதுசு என்று யார் கண்டார்கள் என்று நினைத்துவிட்டாள். கண்டவள் ஒருத்திதான், அவள் வாய் திறக்காதவள் என்றும் நினைத்திருப்பாள்.

அவன் சிரித்தான். திரும்பிப் போய், சிவப்புப் பூவை ஒரு விரலால் தள்ளிவிட்டு, ஏழு படியும் ஏறினான்.

நான் அப்போது செய்திருக்க வேண்டியது கத்துவது. கத்தத் தெரியவில்லை. வெற்றிலைக் கடைக்கு ஓடி டா சேன் மேயின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாக்குவெட்டியோடு ஓடினாள். அவள் கத்திய கத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஏறிப் போனதும் அவன் இறங்கிப் போய்விட்டான். மா ஓன் சீ மூலையில், முதுகை வெளியே காட்டி, வயிற்றைச் சுவரோடு ஒட்டிச் சுருண்டிருந்தாள். அடியெல்லாம் முதுகில். மருத்துவச்சி வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டாள்.

"ஓடுது," என்றாள் மருத்துவச்சி. "குதிரை மாதிரி ஓடுது."

நான் மா ஓன் சீயின் காலடியில் உட்கார்ந்து, சனிக்கிழமை என்று சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும். உனக்குப் பொய் வராது," என்றாள். "யாரும் பொய் சொல்லத் தேவையில்லாத மாதிரி நான்தான் பழசக் கட்டியிருக்கணும்."

அந்த மத்தியானமே டா சேன் மே வீடு வீடாகப் போனாள். "பழசு குடுங்கடி. நல்லா கட்டிக் கிழிஞ்சதாப் பாத்து. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது!"

ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மாடு விற்கும் வீட்டுக்காரி கொடுத்தது சாயம் போய் எந்த நிறம் என்றே தெரியவில்லை. நான் வீட்டுக்குப் போய், உடுத்தியிருந்த கறுப்புக் கட்டம் போட்ட தமெய்னை மாற்றி, துவைக்காமலே எடுத்து வந்தேன்.

அங்கே ஒரு சர்ச்சை வந்துவிட்டது.

"தமிழச்சியோடது வேலை செய்யுமா?" என்று மாட்டுக்காரி கேட்டாள். கேலிக்கில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"ஏன், அவங்களுக்கு இடுப்பு வேற எடத்துலயா இருக்கு?" என்றாள் டா சேன் மே.

"அதில்ல அக்கா. அவங்க சாமி வேற..."

"இவன் பயப்படப்போறது சாமிக்கா? கட்டுடி!"

ஏழு தமெய்ன். முன்படிக்கு நாலு, பின்படிக்கு மூன்று. மா ஓன் சீ தன்னுடைய ஒட்டுப் போட்டதை நடுவில் கட்டினாள். இந்த முறை கூசவில்லை.

மறுநாள் காலை கோ ஸான் வின், ஊ பா கெட்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் குடையும் பழைய சமாதானக் காகிதமுமாகப் படிவரைக்கும் வந்து, மேலே பார்த்து, சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

"அம்மாடி ஓன் சீ, இதைக் கொஞ்சம் எறக்கு. மேல வந்து உக்காந்து பேசணும்."

"பேசுங்க ஐயா. காது நல்லாக் கேக்குது," என்றாள் மேலிருந்து.

சந்து சிரித்தது. அவர் குடையை விரித்துக்கொண்டார், எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

"அத்தனையும் பொய் தலைவரே!" என்றான் கோ ஸான் வின். "போன தடவையும் கடைத் துணியக் கட்டி என்னைத் தெருவுல படுக்க வச்சா. இவளுக்கு ஏது இத்தனை தமெய்ன்? வேணும்னா தையல்காரியக் கேளுங்க. அவ பொய் சொல்லமாட்டா." என் ஜன்னல் பக்கம் திரும்பினான். "மா அஞ்சலா! சொல்லு. எப்பத் தச்சது?"

எல்லாரும் திரும்பினார்கள். ஜன்னலில் இருந்து சொன்னால் கேட்காது என்று தோன்றி, எழுந்து பாதைக்கு வந்தேன். அத்தனை பேர் நடுவே நான் நின்றது அதுவரை என் கல்யாணத்தன்று மட்டும்தான்.

"பழசு," என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். "எல்லாம் பழசு. கட்டினது. அந்தக் கறுப்புக் கட்டம் என்னோடது. மூணு வருசமாக் கட்டறேன். நேத்து மத்தியானம்தான் அவுத்துக் குடுத்தேன். துவைக்கக்கூட இல்ல."

டா சேன் மே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "துவைக்கக்கூட இல்லையாம்! கேட்டியாடா?"

"தமிழச்சியோடது கணக்குல வராது," என்றான் அவன்.

"அப்ப அதுக்குக் கீழ போயேன். வழியை யாரு மறிச்சா?" என்றாள் டா சேன் மே.

அவன் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பயம் முகத்தில் தெரியவில்லை என்றாலும் கழுத்தில் தெரிந்தது. தாயத்துக் கயிறு ஏறி இறங்கியது. ஒரு கோலை எடுத்துத் தட்டிவிடப் பார்த்தான். கோல் துணியைத் தொட்டதும் கோலைப் போட்டுவிட்டான். "யாராவது எறக்குங்கப்பா," என்று ஆண்களைப் பார்த்துச் சொன்னான். ஆண்கள் வேலியில் ஓணானைத் தேடினார்கள்.

ஊ பா கெட் தொண்டையைச் செருமினார். "நீ என்னதான்மா சொல்ற?"

அதற்கு முன் இரண்டு சமாதானத்திலும் அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை.

"புள்ள பொறக்கற வரைக்கும் அவரு அவங்கண்ணன் வீட்டுல இருக்கட்டும் ஐயா. இந்தப் படி ஏறக் கூடாது. அதைக் காகிதத்துல எழுதுங்க. எழுதாட்டியும் கயிறு இருக்கும்."

எழுதினார். நின்றபடியே, குடையைக் கக்கத்தில் வைத்து, என் தையல் மேஜையில் காகிதத்தை வைத்து எழுதினார்.

பிறகு மழைக்காலம் வந்தது. தமெய்ன்கள் நனைந்து, காய்ந்து, பூஞ்சை பிடித்தன. ஒன்று இற்றால் வேறொருத்தி கொண்டுவந்து மாட்டினாள். கோ ஸான் வின் சந்து முனையில் சைக்காவை நிறுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இரண்டு முறை குடித்துவிட்டு வந்து படியடியில் நின்று திட்டினான். நின்ற இடத்திலிருந்து ஓரடி அந்தப் பக்கம் போகவில்லை. மா ஓன் சீ ரவிக்கையை இன்னும் பிரிக்கக் கொடுத்தாள். ஒவ்வொரு மாதமும் பக்கத் தையலில் இரண்டு விரல். அந்த மாதங்களில் எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடிகாலை, பிள்ளை உயிரோடு பிறந்தது. ஆண்.

ஏழாம் நாள் தலைமுடி கழுவிப் பெயர் வைக்க விகாரைக்குத் தூக்கிப் போக வேண்டும். அப்போதுதான் மாட்டுக்காரி வாயில் கை வைத்தாள். "ஐயோ, ஆம்பளப் புள்ள! இதுக்குக் கீழ எப்படித் தூக்கிப் போறது? மகிமை போயிடுமே!"

எல்லாரும் யோசித்தார்கள். கயிற்றை ஒரு நிமிஷம் இறக்கலாம் என்றாள் ஒருத்தி. இறக்கினால் முனையில் உட்கார்ந்திருப்பவன் ஓடி வருவானே என்றாள் இன்னொருத்தி. டா சேன் மேகூட வெற்றிலையை மென்றுகொண்டு கயிற்றையே பார்த்தாள்.

மா ஓன் சீ பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "இவன் இந்த உலகத்துக்கு எது வழியா வந்தான் அக்கா?" என்றாள். நிதானமாக ஏழு படியும் இறங்கினாள். என் கறுப்புக் கட்டத்தின் ஓரம் பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு போனது. அவன் தும்மினான். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கோ ஸான் வின் வந்தான். குடிக்கவில்லை. தலைவாரி, புதுக் கைலி கட்டி வந்திருந்தான். படிக்கு முன்னால் நின்றான்.

"காட்டு," என்றான். "என் மகனைக் காட்டு."

அவள் பிள்ளையோடு படிக்கு வந்து, மேலிருந்து நாலாம் படியில் நின்றாள். அவர்களுக்கு நடுவில் நாலு தமெய்ன்.

"அவன் காலையிலயே இதுக்குக் கீழ போய் வந்துட்டான். ஒண்ணும் ஆகல. நீயும் வா. வந்து தூக்கிக்க."

நான் ஊசியைத் துணியில் குத்தியபடி விட்டுவிட்டேன். இரண்டு எட்டு, தலையைக் குனிந்தால் போதும். அவன் பிள்ளையைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். ஒரு கை பாதி நீண்டது. வருவான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு கையை இழுத்து, கைலி மடிப்பைச் சரி செய்துகொண்டு, திரும்பிப் போனான். சைக்காவின் சங்கிலி முனைவரை கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

அடுத்த மாதம் பெரியவர்கள் முன்னிலையில் இரண்டு பேரும் பிரிந்துகொண்டார்கள். வீடு அவளுக்கு.

வெகுநாள் கழித்து, பிள்ளை என் மிஷினடியில் நூற்கண்டை உருட்டிக்கொண்டிருந்தபோது, அவளிடம் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து உருண்டது.

"அன்னிக்கு நிஜமாத்தான் கூப்பிட்டியா? அவன் வந்திருந்தா?"

அவள் குட்டைக் கை ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபடியே யோசித்தாள்.

"நிஜமாத்தான். அதுக்குக் கீழ தலையக் குனியற ஆளா இருந்தா, அப்புறம் என்னை அடிக்க மாட்டான்னு தோணுச்சு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உன் கறுப்புக் கட்டம் இன்னும் கயித்துலயே கெடக்கு. வேணுமா?"

"இருக்கட்டும்," என்றேன். "கை எவ்வளவு வைக்கட்டும்?"

தோளுக்குக் கீழே நாலு விரல் வைத்துக் காட்டினாள்.